தாழம்பூவின் சாட்சி

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நன்னாரி சர்பத் விற்கும் தள்ளுவண்டிகளில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கும். அதற்குள் ஊறுவது சப்ஜா விதை. திருநீற்றுப் பச்சிலையின் விதைதான். உலர்ந்திருக்கும்போது எள்ளைவிடச் சிறுத்த கறுப்புப் பொடி. தண்ணீரில் போட்டுச் சில நிமிடம் போனால் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரு கூழ் உறையைக் கட்டிக்கொள்கிறது. கரண்டியில் அள்ளினால் வழுக்கிக்கொண்டு மினுங்கும் அந்த உறை நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். திரும்பத் தண்ணீருக்குள் விட்டால் கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சுகிறது, உறையைக் காணோம். உற்றுப் பார்த்தால் புள்ளியைச் சுற்றிச் சாம்பல் பூத்தாற்போல ஒரு வளையம். அந்த வளையம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து வருகிறவருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. "நல்லா ஊறினது சாமி, குடிங்க" என்று கடைக்காரர் நீட்டுகிறார், தொண்டைக்குள் குளிர்ச்சியாக இறங்கிவிடுகிறது. ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தக் கேள்வி ஆளை விடுவதில்லை. உறை மிகத் தடித்து நிற்கும் இடம் தண்ணீர்தான். உறை கண்ணுக்குப் படாமல் போகும் இடமும் அதே தண்ணீர்தான்.

ஆய்வகங்களில் ஹைட்ரோஜெல் என்று அழைப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே முடிச்சிட்டு வலையாக்கி, வலைக்கண்களில் தண்ணீரை நிறுத்திவைத்தால் ஜெல். எடையில் பெரும்பங்கு தண்ணீர், ஆனாலும் ஒழுகாது. நுங்கு அப்படி, கடல்பாசி அப்படி, கண்ணில் வைக்கும் மென்மையான கான்டாக்ட் லென்ஸும் அப்படி. இவற்றில் ஒரு வகையை மிக மெல்லிய பூச்சாகக் கண்ணாடியின் மேலோ பிளாஸ்டிக் தட்டின் மேலோ ஏற்றி, வெப்பத்துக்கு ஏற்ப அது உப்புவதையும் சுருங்குவதையும் ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். பூச்சின் தடிமன் சில பத்து நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை. தலைமுடியின் குறுக்களவை ஆயிரமாகக் கூறுபோட்டால் கிடைக்கும் ஒரு கூறின் அளவு. அந்தத் தடிமனுக்கு ஓர் எண் கிடைக்கிறது, அட்டவணையில் ஏறுகிறது, வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. உறுத்துவது அந்தப் புள்ளிதான். அது பார்த்துச் சொன்னதா, கணித்துச் சொன்னதா?

இந்தக் கதையின் நாயகப் பொருளுக்கு வாயில் நுழையாத பெயர்: பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு. புழங்குகிறவர்கள் பீநைபாம் என்று சுருக்கிக்கொள்கிறார்கள். 1968இல் டொரான்டோவில் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற இருவர் இதன் நீர்க்கரைசல் சுமார் 32 டிகிரி செல்சியஸில் திடுமெனப் பால்போலக் கலங்குவதைப் பதிவு செய்தார்கள். சமையலறை அனுபவத்துக்கு நேர்எதிரான நடத்தை இது. நெய் குளிரில் உறையும், சூட்டில் உருகும். கடல்பாசி ஆறினால் கெட்டிப்படும், காய்ச்சினால் இளகும். இதுவோ குளிரில் தண்ணீரோடு கூடிக்குலாவுகிறது, சூடேறினால் தண்ணீரை உதறிவிட்டுத் தன்னோடு தானே சுருண்டுகொள்கிறது. சங்கிலியின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்குப் பிடிக்காது. குளிரில் பிடித்த பகுதியின் கை ஓங்குகிறது, சூட்டில் பிடிக்காத பகுதியின் கை ஓங்குகிறது. மீண்டும் குளிர்ந்தால் பழையபடி உப்பும். வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆவதில்லை. இது ஆகிறது, எத்தனை முறை வேண்டுமானாலும்.

32 டிகிரி என்ற எண்ணை எந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறோம் என்பதும் முக்கியம். ஆய்வுக் கட்டுரைகளில் 'அறை வெப்பநிலையில் பூச்சு உப்பிய நிலையில் இருக்கும்' என்ற வாக்கியம் அடிக்கடி வரும். அந்த அறை டொரான்டோவில் இருக்கிறது, டோக்கியோவில் இருக்கிறது. 25 டிகிரி அதற்கு இயல்பு. திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசிப் பகல்கள் நாற்பதைத் தொடுபவை. அங்கே குளிர்சாதனம் இல்லாத ஒரு வீட்டு அலமாரியில் நீருக்குள் வைத்த பீநைபாம் பூச்சு காலை வெயில் ஏறும்போதே சுருண்டுவிடும், சாயங்காலமும் லேசில் விரியாது. மார்கழி விடியலில் வெப்பம் இருபதுக்கு முன்பின்னாக இறங்கும்போது முழுக்க உப்பி நிற்கும். இந்த ஊரின் மலையே முதல் யுகத்தில் நெருப்பாக நின்று, பிறகு மாணிக்கமாகி, பொன்னாகி, கலியுகத்தில் மனிதர் கண்ணும் காலும் தாங்கும்படி கல்லாகக் குளிர்ந்தது என்று தலபுராணம் சொல்கிறது. வெப்பத்துக்கேற்ப வடிவம் மாறும் பொருளைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டியதில்லை.

சரி, ஒளி எப்படி அளக்கிறது? மழை விட்ட பிறகு பேருந்து நிலையத்துக் குட்டையில் டீசல் சொட்டி விரியும் வண்ணங்களைப் பார்த்தவர்களுக்குப் பாதி தெரியும். படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழ்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறம் காட்டுகின்றன. தடிமன் மாறினால் நிறம் மாறும். ஆனால் சில பத்து நானோமீட்டர் பூச்சில் நிறம் என்று சொல்லும்படி எதுவும் எழாது. அங்கே எலிப்சோமீட்டர் வருகிறது. குறிப்பிட்ட ஒரு தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், பூச்சில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வு நீள்வட்டமாகத் திரிந்து வருகிறது. எவ்வளவு திரிந்தது என்பதை இரண்டு கோணங்களாகக் கருவி படிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் பால் டிரூட் இதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தார். 1945இல் அலெக்சாண்டர் ரோத்தன் கருவிக்குப் பெயர் சூட்டினார். அணு ஒன்றின் அகலமே உள்ள தடிமன் மாற்றத்தைக்கூட இது பிடித்துவிடும் என்பதில் மிகையில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: கருவி தருவது கோணங்கள். நானோமீட்டர் என்பது அந்தக் கோணங்களிலிருந்து நாம் எடுக்கும் முடிவு.

முடிவெடுக்கும் இடத்தில்தான் சப்ஜா விதையின் சங்கடம் திரும்ப வருகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. உலர்ந்த பீநைபாமின் எண் ஏறத்தாழ 1.5. சூட்டில் சுருண்ட பூச்சு இந்த இரண்டுக்கும் நடுவே, உலர்ந்த பக்கம் சாய்ந்து நிற்கும். குளிரில் உப்பிய பூச்சோ தண்ணீரின் எண்ணை ஒட்டிப் போய் நின்றுகொள்கிறது. பூச்சு குளிரில் இருமடங்கு உப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தடிமன் இரட்டிக்கிறது. அதே அளவு சங்கிலி இரட்டை இடத்தில் பரவிக் கிடப்பதால், பூச்சின் எண்ணுக்கும் தண்ணீரின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பாதியாகிறது. தடிமனை அந்த வித்தியாசத்தால் பெருக்கிப் பாருங்கள்: பழைய விடையே. பூச்சு ஒளியின் அலைநீளத்தைவிட மிகவும் மெலிந்திருந்தால், ஒளி பெரும்பாலும் உணர்வது இந்தப் பெருக்குத் தொகையைத்தான். பூச்சு மூச்சை இழுத்து மார்பை விரித்தாலும், மூச்சை விட்டு ஒடுங்கினாலும், மிக மெல்லிய நிலையில் ஒளி 'பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை' என்றே சொல்லிவிட்டுப் போகும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தடிமனும் விலகல் எண்ணும் தனித்தனியே ஐயத்துக்குரியவையாக இருந்தாலும், இரண்டின் பெருக்கம் நம்பத் தகுந்தது என்பதை வைத்து, பரப்பில் எவ்வளவு பொருள் அமர்ந்திருக்கிறது என்று கணக்கிடும் வழியை டி ஃபெய்ட்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1978இல் காட்டினார்கள். புரதம் ஒரு பரப்பில் படிவதை அளக்க இன்றுவரை அந்தச் சூத்திரம் கைகொடுக்கிறது. எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கேட்டால் ஒளி தெளிவாகப் பதில் சொல்கிறது. அந்தச் சரக்கு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் தடுமாறுகிறது. ஜெல் பூச்சைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியதோ இரண்டாவது கேள்விக்கான பதில்.

அருணாசலேசுவரர் கோயிலுக்குள் போகிறவர்கள் கருவறையைச் சுற்றி வரும்போது மேற்குப் புறச் சுவரில் லிங்கோத்பவரைப் பார்க்கலாம். சிவன் கோயில் எதிலும் பொதுவாக அவருக்கு அதுதான் இடம். பிளந்த தூணுக்குள் உருவம் நிற்கும், மேலே அன்னம், கீழே பன்றி. சிற்பிகள் காலம்காலமாகக் காக்கும் மரபு ஒன்று உண்டு: உருவத்தின் பாதங்கள் தூணுக்குள் மறைந்துவிடும், உச்சியும் தெரியாது. அடியும் முடியும் காணாத ஒன்றைச் செதுக்க வேண்டுமென்றால் வேறென்ன செய்ய முடியும். கதை ஊரறிந்தது: நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடியையும் முடியையும் தேடி இருவர் கிளம்பினார்கள். பன்றியாகி மண்ணைக் கிளறிப் போன திருமால் அடியைக் காணாமல் திரும்பி, காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரமன், மேலிருந்து உதிர்ந்து வந்துகொண்டிருந்த தாழம்பூவை மறித்து, தான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்ல வைத்தார். பொய் சொன்ன பிரமனுக்குத் தனிக்கோயில் இல்லாமல் போனது, பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசைக்கு ஆகாமல் போனது.

கதையில் பலரும் தாண்டிப் போகும் ஓரிடம் இருக்கிறது. தாழம்பூ உச்சியிலிருந்துதான் உதிர்ந்து வந்தது. முடியைப் பற்றி அதற்குத் தெரிந்திருந்ததெல்லாம் மெய். பிரமன் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது மட்டுமே பொய். எலிப்சோமீட்டர் தரும் இரண்டு கோணங்களும் இந்தப் பூவைப் போன்றவை. ஒளி உண்மையிலேயே பூச்சுக்குள் போய்த்தான் வந்திருக்கிறது. அந்தக் கோணங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பூச்சு செங்கல்லைப் போல மேலிருந்து கீழ்வரை ஒரே சீரானது, அதன் மேல்முகம் கத்தியால் வெட்டியது போன்றது என்று முன்கூட்டியே ஒரு மாதிரியை வைத்து, கணினியில் பொருத்திப் பார்க்கிறார்கள். மாதிரியும் கோணங்களும் அழகாகப் பொருந்திவிடும். பிழை மிகச் சிறியது என்று திரையில் வரும். ஆனால் உப்பிய பூச்சின் மேல்முகம் செங்கல் போன்றதல்ல. அடியில் அடர்த்தியாக இருக்கும் சங்கிலிகள் மேலே போகப் போக நெகிழ்ந்து, கடைசியில் ஓரிரண்டு நுனிகள் மட்டும் தண்ணீருக்குள் அலைந்துகொண்டிருக்கும். எங்கே முடிகிறது என்ற கேள்விக்குத் துல்லியமான விடையே இல்லாத ஒரு பொருளுக்கு, ஒரு தசமப் புள்ளியோடு விடை வந்துவிடுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. பூவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அதன் வாயில் சொல்லைத் திணித்தார்கள்.

இதெல்லாம் ஏன் ஒருவரை உறுத்த வேண்டும், நானோமீட்டர் முன்பின் போனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கண் தெரியாமல் போனவருக்கு நட்டம். கருவிழியின் விளிம்பில் குடியிருக்கும் மூலச்செல்கள் சுண்ணாம்பு பட்டோ ரசாயனம் தெறித்தோ அழிந்துவிட்டால், கருவிழிப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சக்தியை இழந்து மங்கிவிடுகிறது. செல்களை வெளியே வளர்த்து, ஒரு தாளாக எடுத்து, கண்ணில் பதிக்க வேண்டும். வளர்ப்புத் தட்டிலிருந்து செல்களைப் பிரிக்கப் பொதுவாக நொதியை ஊற்றுவார்கள். அது செல்களுக்கு இடையே உள்ள பிணைப்புகளையும் அறுத்துவிடும், தாள் கிழிந்து தனித்தனிச் செல்லாகச் சிதறும். டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோவின் குழு இதற்கு வேறு வழி கண்டது. தட்டின் அடியில் பீநைபாமை மெல்லிய பூச்சாக ஏற்றினால், 37 டிகிரியில் அது சுருண்டு கிடக்க, செல்கள் அதன் மேல் ஒட்டி வளரும். 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் பூச்சு தண்ணீரை உறிஞ்சி உப்பி, செல் தாளை முழுசாக மேலே தள்ளிவிடும். கத்தி வேண்டாம், நொதி வேண்டாம், கொஞ்சம் குளிர் போதும். இப்படி எடுத்த தாளைக் கொண்டு ஒசாகாவில் நான்கு நோயாளிகளின் கருவிழியைச் சீரமைத்ததை 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. தாளுக்கான செல்களை எடுத்தது அவரவர் வாயின் உட்புறத் தோலிலிருந்து.

சென்னையிலும் இதன் உறவுமுறைப் பொருள் ஒன்று புழங்கியிருக்கிறது. சங்கர நேத்ராலயாவில் எச்.என். மாதவனும் உடன் பணியாற்றியவர்களும் மீபியால் ஜெல் என்ற ஜப்பானியப் பொருளுக்குள் கருவிழி விளிம்பின் மூலச்செல்களை வளர்த்துக் காட்டினார்கள். 2006இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் அது வந்தது. இதுவும் பீநைபாம் வழி வந்ததுதான்: குளிரில் திரவம், வெதுவெதுப்பில் ஜெல். செல்களைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் குளிர்வித்தால் போதும். அதுவரை இந்த வேலைக்குப் பேறுகாலத்தில் கழியும் பனிக்குடச் சவ்வைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தினர் இன்னும் வேடிக்கையான காரியம் செய்தார்கள். பவர்பாயின்ட் வருவதற்கு முன் வகுப்பறைகளில் விளக்கொளியில் வைத்துப் பாடம் காட்டிய அந்த ஓ.எச்.பி. தாள் இருக்கிறதல்லவா, அதன் மேலேயே வெப்பத்துக்கு இசையும் பூச்சை ஏற்றிச் செல் தாள் வளர்த்து 2011இல் எழுதினார்கள். விலை உயர்ந்த தட்டுக்குப் பதிலாக ஸ்டேஷனரி கடைச் சரக்கு.

திருவண்ணாமலைக்குக் கிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் கல்பாக்கம். அணுமின் நிலையம் என்ற அளவில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த அந்த ஊரின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பி.வி.ஆர். டாடாவும் அவருடைய மாணவர்களும் பீநைபாமைப் பூச்சாக இல்லாமல் நுண்ணிய உருண்டைகளாகச் செய்து பார்த்தார்கள். நீரில் நெருக்கமாக அடுக்கினால் அந்த உருண்டைகள் தாமாகவே ஒழுங்குபட்டுப் படிகமாகி, மயில் கழுத்துபோல வண்ணம் காட்டும். சூடேற்றினால் உருண்டைகள் சுருங்கி, இடைவெளி விழுந்து, படிகம் கலைந்து, வண்ணம் போகும். குளிர்ந்தால் மீண்டும் கூடும். அந்தப் படிகங்களின் அடுக்குமுறை பற்றிய அவர்களுடைய கட்டுரை 2009இல் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸில் வந்தது. அங்கும் கேள்வி அதேதான். ஒளிச்சிதறலை வைத்து உருண்டையின் அளவைச் சொல்லும்போது, கருவி உண்மையில் அளப்பது உருண்டை நீருக்குள் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதை. அலைச்சலிலிருந்து ஆரத்துக்கு வர, நடுவே நீரின் பிசுக்கு, வெப்பம், உருண்டை கெட்டியானது என்ற அனுமானம் எல்லாம் வேண்டும். விளிம்பில் நீளும் சங்கிலி நுனிகள் இழுத்துச் செல்லும் தண்ணீரும் கணக்கில் உருண்டையாகவே சேர்ந்துவிடும்.

இப்படித் தயங்குவது புதிய வழக்கம் என்று தோன்றினால், கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்து கல்கத்தாவில் ஆய்வு செய்த சி.வி. ராமனும், பாலக்காட்டில் பிறந்து அவரிடம் பயின்ற எல்.ஏ. ராமதாஸும் 1927இல் ஃபிலசாஃபிகல் மேகஸினில் எழுதிய கட்டுரை ஒன்றின் பொருள்: திரவத்தின் பரப்பு எவ்வளவு தடிமன்? தண்ணீர் முடிந்து காற்று தொடங்கும் இடம் கோடு கிழித்தாற்போல இருக்கிறதா, இல்லை மெல்ல மெல்ல மாறுகிறதா என்பதை ஒளியிடமே கேட்டார்கள். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ரேலி பிரபு இதே வேலையில் இறங்கியபோது, தண்ணீர் காட்டும் குணம் என்று நினைத்ததில் பெரும்பகுதி அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கின் குணம் என்று கண்டார். துடைத்த தண்ணீரில் அந்தக் குணம் பெருமளவு அடங்கிவிட்டது. ஒளி பிசுக்கைப் பற்றி மெய்யே சொன்னது. கேட்டவர்தான் அதைத் தண்ணீரின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டார்.

ராமதாஸ் பிறகு வானிலைத் துறைக்குப் போய், பூனாவில் பயிர்களுக்கான வானிலையியலைக் கட்டியெழுப்பினார். அங்கும் அவரை ஒரு பரப்பு விடாமல் துரத்தியது, இம்முறை தரைப்பரப்பு. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரையே, மேலே போகப் போகக் குளிர் குறையும் என்பது எல்லோரும் ஏற்ற பாடம். ராமதாஸும் அவரோடு சேர்ந்து ஆய்ந்த ஆத்மநாதனும் வெற்றுத்தரைக்கு மேல் வெப்பமானிகளை வைத்துப் பார்த்து 1932இல் சொன்னது வேறு: மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை, அதற்கு மேல் சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே மிதக்கிறது. வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் நம்பவில்லை. வெப்பமானி தானே கதிர்வீசிக் குளிர்ந்து தப்பு காட்டியிருக்கும் என்றார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளில் தன் நிழலை விழவிடும். 1957இல் ராஷ்கே என்ற ஜெர்மானியர் பூனாவிலேயே நுட்பமான கருவிகளோடு மீண்டும் அளந்து, ராமதாஸ் சொன்னது மெய் என்றார். ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு 1990களில் பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவின் குழு விளக்கம் தந்தது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று பின்னர் வந்தவர்கள் சேர்த்தார்கள். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் இந்த ராமதாஸ் அடுக்கைத் தேடிப் பயனில்லை, லட்சம் கால்கள் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும். தை மாதத்து அமாவாசையில், ஆளரவமற்ற ஏரிக்கரைக் கரம்பில் வெறுங்காலோடு நின்றால் ஒருவேளை கெண்டைக்காலுக்குத் தெரியலாம்.

ராமதாஸின் அனுபவத்திலிருந்து ஜெல் அளக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று: வேறு வழியில் வரும் இரண்டாம் சாட்சி. அது கிடைக்கவும் செய்கிறது. நொடிக்கு ஐம்பது லட்சம் முறை அதிரும் குவார்ட்ஸ் வில்லையின் மேல் அதே பூச்சை ஏற்றினால், பூச்சின் எடைக்கேற்ப அதிர்வு தாழும். ஆனால் வில்லை நிறுப்பது சங்கிலியை மட்டுமில்லை, சங்கிலியோடு ஒட்டிக்கொண்டு ஆடும் தண்ணீரையும் சேர்த்து. ஒளி எண்ணுவது சங்கிலியை, வில்லை நிறுப்பது சங்கிலியையும் தண்ணீரையும். கழித்தால் தண்ணீர் எவ்வளவு என்று வந்துவிடும். இரண்டு கருவிகளும் வேறு வேறு எண் சொல்கின்றன என்று முதலில் பதறியவர்கள், அந்த வித்தியாசத்துக்குள்தான் பூச்சின் மூச்சு இருக்கிறது என்று பிறகு கண்டுகொண்டார்கள். பூச்சைச் சற்றுத் தடிமனாக்கினால் ஒளிக்கே இன்னொரு வாய் திறக்கும். ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரில் வொல்ஃப்காங் நோல் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறையில், ஐம்பது நானோமீட்டர் அளவுள்ள தங்கப் படலத்தின் மேல் ஜெல்லை ஏற்றி ஒளி பாய்ச்சுகிறார்கள். ஜெல் போதுமான அளவு தடித்திருந்தால், ஒளி அதற்குள்ளேயே வாய்க்காலில் ஓடுவதுபோல வழிப்பட்டு ஓடும். ஒன்றுக்கு மேற்பட்ட கோணங்களில் அப்படி ஓடும்போது, தடிமனையும் விலகல் எண்ணையும் பிரித்தறியப் போதிய சமன்பாடுகள் கிடைத்துவிடும். அப்படி அளந்தபோது தெரிந்தது, அடியில் ஒட்டவைத்த ஜெல் தனித்துக் கிடக்கும் ஜெல்லைப் போல நடந்துகொள்வதில்லை என்பது. பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் மேல்நோக்கி மட்டும் உப்புகிறது, மொத்தமாக உப்புவதும் குறைகிறது.

இரண்டாம் சாட்சியும் மாசற்றதில்லை. குவார்ட்ஸ் வில்லையின் மேல் ஜெல் மிக இளகியிருந்தால், அது வில்லையோடு சேர்ந்து ஆடாமல் பின்தங்கி நெளியும். எடைக் கணக்கு பிசகும். சூடேற்றும்போது தண்ணீரின் விலகல் எண்ணும் டிகிரிக்குக் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். பூச்சில்லாத வெறும் கண்ணாடியை அதே சூட்டில் அளந்து கழிக்காவிட்டால், தண்ணீர் செய்த மாற்றம் ஜெல்லின் கணக்கில் ஏறிவிடும். கைப்பழக்கம் உள்ளவர்கள் இந்த வெற்று அளவீட்டை முதலில் முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். கட்டுரையில் அதற்கு அரை வரி கிடைத்தால் அதிகம்.

ஒகானோவின் குழுவினர் தங்கள் வளர்ப்புத் தட்டின் பூச்சு எவ்வளவு தடிமன் என்று 2004இல் எழுதினார்கள். ஒளியின் பிரதிபலிப்பைக் கேட்காமல், லேசரால் பூச்சை ஓரிடத்தில் சுரண்டி, அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் தடவிப் பார்த்தார்கள். ஒரு தட்டில் 15.5 நானோமீட்டர், கூட்டியோ குறைத்தோ 7.2. இன்னொரு தட்டில் 29.5, கூட்டியோ குறைத்தோ 8.4. முதல் தட்டின் மேல் எல்லையும் இரண்டாம் தட்டின் கீழ் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கும் கோடு மங்கல்தான். அதை மறைக்காமல் அப்படியே அச்சிட்டார்கள். 37 டிகிரியில் முதல் தட்டில் செல்கள் ஒட்டிப் பரவின, குளிர்ந்ததும் விலகின. இரண்டாம் தட்டில் ஒட்டவே இல்லை.